மூலிகை மருந்தால் உடல் இளைக்குமா?

(பென்னாகரம் வட்டார மகளிர் சுய உதவிக் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பென்னாகரத்திற்கு வருவோரில் பெரும்பாலோர் ஒகேனக்கல் அருவியைக் காணச் செல்லும் வழியில் இவ்வூரைக் கடந்து போகிறவர்கள். நாமோ இன்று உங்களைக் காண்பதற்கென்றே வந்திருக்கிறோம். 1989-ஆம் ஆண்டில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் முதன் முதலாகத் தொடங்கப்பெற்றது நமது தருமபுரி மாவட்டத்தில்தான். சிறுகச் சிறுகச் சேமித்த பணம் ஒரு குடும்பத்தை எவ்வாறு தாங்கும் என்பதை நாட்டுக்குக் காட்டிய மாவட்டம் இது. ஆகவே, அந்தப் பணத்தைப் பற்றிய ஒரு கேள்வியோடு இந்தப் பேச்சைத் தொடங்குவது பொருத்தமாகும்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு சகோதரி நம்மிடம் இவ்வாறு கேட்டார்: "மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறையும் என்று ஒரு மூலிகைப் பொடி விற்கிறார்கள். முழுக்க முழுக்க மூலிகை, பக்க விளைவே கிடையாது என்கிறார்கள். குழுவில் உள்கடன் எடுத்து அதை வாங்கலாமா?"

நல்ல கேள்வி. இதற்கு 'வாங்கலாம்' என்றோ, 'வேண்டாம்' என்றோ ஒரு சொல்லில் விடை கூறி விட்டுப் போவது முறையன்று. அந்தப் பொடியிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம், எவ்வளவு எதிர்பார்க்கலாகாது என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளும்படி செய்வதே நமது கடமை.

நாம் பெருத்தது எப்படி?

முதலில், இக்கேள்வி வீண் ஆசையால் எழுந்தது என்று யாரும் நகைத்தல் கூடாது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருந்தனர். 2019-21-இல் அது நூற்றுக்கு 40 ஆக உயர்ந்தது. ஆடவரிலும் நூற்றுக்கு 37 பேர் இந்நிலையில் உள்ளனர். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மூட்டு வலியும் இவ்வெடையோடு கைகோத்து வருபவை. எனவே எடையைக் குறைக்க விரும்புவது நல்ல விருப்பமே.

நம் பாட்டிமார் கல் திரிகையில் கேழ்வரகு அரைத்தார்கள். உலக்கை கொண்டு சாமை குத்தினார்கள். கிணற்றில் நீர் இறைத்து இடுப்பில் சுமந்தார்கள். இன்று மாவரைக்க மின்சாரம் இருக்கிறது. தண்ணீர் குழாயில் வருகிறது. சந்தைக்குச் செல்ல வண்டி இருக்கிறது. இவையெல்லாம் வேண்டிய முன்னேற்றங்களே. உலக்கையைத் திரும்ப எடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் உடலுழைப்புக் குறைந்த அளவுக்கு உணவு குறையவில்லை. களி உண்ட வேளையில் அரிசிச் சோறு வந்தது. மோர் குடித்த வேளையில் சர்க்கரை மிகுந்த தேநீர் வந்தது. திருவிழாவுக்கு மட்டும் சட்டியேறிய எண்ணெய்ப் பலகாரம் நாள்தோறும் மாலையில் வந்தது.

இதனோடு இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். அதே 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது நூற்றுக்கு 53 பேர், இரத்தச் சோகை உடையவர்கள். ஆகவே உடல் பருத்திருக்கும் பெண் ஊட்டம் பெற்றவள் என்று எண்ணிவிடக் கூடாது. அத்தகையவள் இரண்டு வேளை உணவை நிறுத்திப் பொடியைக் கரைத்துக் குடித்தால், எடை சிறிது குறையலாம். அதோடு எஞ்சியிருந்த வலிமையும் குறையும்.

கொள்ளும் கேழ்வரகும்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. அதனால்தான் கொள்ளுப் பொடியை அழகிய டப்பாவில் அடைத்து, கொழுப்பைக் கரைக்கும் மருந்தென்று பலமடங்கு விலைக்கு விற்க முடிகிறது. நம் மானாவாரிக் காட்டில் விளையும் கொள்ளு மிக நல்ல உணவு. நூறு கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் உண்டு; நார்ச்சத்தும் மிகுதி. கொள்ளு ரசமும் துவையலும் கடைசலும் விரைவில் வயிறு நிறையச் செய்யும். பசி மெதுவாக வரும். அதன் பயன் அவ்வளவே. உடலில் சேர்ந்த கொழுப்பைக் கரைத்து வெளியேற்றும் தனி ஆற்றல் அதற்கு உண்டென்று கூறப் போதிய ஆதாரம் இல்லை. சோற்றைக் குறைத்துக் கொள்ளைச் சேர்த்தால் பயனுண்டு. வழக்கமான சோற்றுக்கு மேல் கொள்ளுக் கஞ்சியும் குடித்தால் எடை கூடத்தான் செய்யும்.

கேழ்வரகுக்கும் இதுவே பொருந்தும். நூறு கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி தரும். நூறு கிராம் கேழ்வரகு ஏறத்தாழ 320 கலோரி தரும். வேற்றுமை சிறிதே. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் மிகுதி என்பதால் அது மேலானது. ஆனால் அளவில்லாமல் உண்ணும் களி ஒருவரையும் இளைக்க வைக்காது. களியின் சிறப்பு, சிறு உருண்டையிலேயே வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில் இருக்கிறது.

குடம்புளியின் கதை

இளைப்பு மருந்துகளில் உலகெங்கும் பெயர் பெற்றது குடம்புளி. நாம் மரத்திலிருந்து உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து விற்கும் புளி வேறு, இது வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்து கேரள மக்களின் மீன் குழம்பில் இடம்பெறுவதும், இலங்கையில் கொறக்கா எனப்படுவதும் இதுவே. இதன் தோலில் உள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் ஒரு நொதியைத் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். எலிகளிடத்தில் ஓரளவு பயனும் தெரிந்தது. உடனே மாத்திரைகள் கடைகளை நிரப்பின.

மனிதரிடத்தில் நிகழ்ந்தது என்ன? 1998-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அளவுக்கு மிஞ்சிய எடையுள்ள 135 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லோருக்கும் ஒரே வகையான குறைந்த உணவு. ஒரு பிரிவுக்குக் குடம்புளி மாத்திரை; மற்றொரு பிரிவுக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது உண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. 12 வாரம் கழிந்தபின் நிறுத்துப் பார்த்தார்கள். குடம்புளி உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களோ 4.1 கிலோ குறைந்திருந்தார்கள்!

இக்கணக்கை நன்றாக மனத்தில் இருத்துங்கள். இரு பிரிவினரும் இளைத்தார்கள். இளைக்க வைத்தது மாத்திரை அன்று, குறைந்த உணவு. பொடி விற்பவர் உங்களுக்கு ஓர் உணவுப் பட்டியலையும் சேர்த்துக் கொடுப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? "காலையில் பொடி, இரவில் எண்ணெய் இல்லாத சிற்றுணவு, நாள்தோறும் நடை" என்பார்கள். எடை குறையும். புகழ் பொடிக்குப் போகும். பணம் விற்றவருக்குப் போகும். நடந்த கால்களுக்கு ஒன்றும் இல்லை.

ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்புக் கூறலாமா எனக் கேட்கலாம். குடம்புளியைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2011-இல் ஆராய்ந்தபோது, வெற்று மாத்திரையைவிட அது கூடுதலாகக் குறைத்த எடை சராசரியாக 0.88 கிலோ என்று கண்டார்கள். ஒரு கிலோவுக்கும் குறைவு! பச்சைத் தேயிலையைப் பற்றி 2012-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வும், அதனால் குறையும் எடை மிகச் சிறிது, பொருட்படுத்தத் தக்கதன்று என்றே முடிந்தது.

நிலவாகை சேர்ந்த பொடிகளும் உண்டு. நமது தென்மாவட்டங்களில் பயிராகி வெளிநாடு செல்லும் நல்ல மூலிகை அது. மலச்சிக்கலுக்கு மருத்துவர் கொடுக்கும் மருந்து. அதை உண்டு நான்கு முறை வெளியே போய்வந்த மறுநாள் நிறுத்துப் பார்த்தால் ஒரு கிலோ குறைந்திருக்கும். குறைந்தது நீரும் மலமுமே, கொழுப்பன்று. இரண்டு நாளில் அது திரும்பி வரும். நாள்தோறும் உண்டால் உடலின் உப்புச் சத்துக் கெடும். குடலும் தானே இயங்க மறக்கும். ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துக் குளிப்பதும் இவ்வாறே: உடல் வலிக்கு இதமானது, ஆனால் பிடித்த பிடியில் கொழுப்புக் கரைவதில்லை.

மறைத்து வைத்த நஞ்சு

"பயன் சிறிதாயினும் தீங்கு இல்லையே" என்று சிலர் எண்ணக்கூடும். இங்கேதான் மிகுந்த விழிப்பு வேண்டும்.

சிபுட்ரமின் என்பது பசியை அடக்கும் ஓர் இரசாயன மருந்து. இருதய நோயுள்ளோருக்கு அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுதிப்படுத்துவதாகத் தெரிந்ததால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. 2011-இல் இந்திய அரசும் தடை செய்தது. தடை செய்யப்பட்ட பின் அது எங்கே போயிற்று? மூலிகை என்று பெயரிட்ட டப்பாக்களுக்குள் புகுந்தது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மறைவாக மருந்து கலந்ததாகக் கண்ட உடல் இளைப்புப் பொருள்கள் 317. அவற்றுள் 269-இல் இருந்தது இந்தச் சிபுட்ரமினே. டப்பாவின்மேல் அதன் பெயர் இருப்பதில்லை. இலையும் பூவும்தான் இருக்கும்.

ஆகவே ஒரு விதியை வகுத்துக் கொள்ளலாம். உண்மையான மூலிகைப் பொடி மிக மெதுவாக, மிகச் சிறிது உதவும், அல்லது உதவாது. உண்ட வாரத்திலேயே பசி மறைந்து, நெஞ்சு படபடத்து, உறக்கம் கெட்டு, எடை வேகமாகக் குறையுமானால் மகிழாதீர்கள், அஞ்சுங்கள். உள்ளே இருப்பது மூலிகை மட்டும் அன்று.

கலப்பில்லாத மூலிகைச் சாறும் செறிவாக உண்டால் ஈரலைக் கெடுக்கலாம். 2009 மே மாதத்தில், ஹைட்ராக்சிகட் என்னும் பெயர்பெற்ற இளைப்பு மாத்திரைகளை உண்ண வேண்டாமென்று அமெரிக்க அரசு மக்களை எச்சரித்தது. ஈரல் கெட்டதாக 23 முறையீடுகள் வந்திருந்தன. ஒருவர் இறந்தும் போயிருந்தார். அச்சரக்குகளை உற்பத்தியாளர் அப்போது திரும்பப் பெற்றனர். பச்சைத் தேயிலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பது வேறு. அதன் சாரத்தைச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு. அச்சாரத்தின் கேட்டெச்சின் சத்து நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் ஈரலுக்குக் கேடு நேரலாமென்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் கூறியது. கண் மஞ்சளித்தல், சிறுநீர் அடர்நிறமாதல், பசியற்றுக் குமட்டல், வலப்பக்க மேல் வயிற்றில் வலி ஆகியவை கண்டால் அன்றைக்கே பொடியை நிறுத்தி, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் இத்தகைய பொருள்களைத் தொடவே கூடாது. நீரிழிவுக்கு மாத்திரை உண்போர் சோற்றை விடுத்துப் பொடியை மட்டும் குடித்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். இரத்தக் கொதிப்பு, இருதய நோய், தைராய்டு நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் உண்பது ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

1954-ஆம் ஆண்டிலேயே, மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. இன்ன இன்ன நோயைத் தீர்க்கும் என்று மருந்தை விளம்பரம் செய்யலாகாது என அச்சட்டத்தின் அட்டவணை ஒரு பட்டியல் தருகிறது. உடற்பருமன் அப்பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. முதல் முறை குற்றம் நிறுவப்பட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே "பருமனைத் தீர்க்கும் மருந்து" என்று துணிந்து கூறும் விளம்பரமே, கூறுபவர் சட்டத்தை மதிக்காதவர் என்பதற்குச் சான்று.

அயலூரார் விற்பதைவிட அண்டை வீட்டார் விற்பது நம்மை எளிதில் வசப்படுத்தும். "நீயும் வாங்கு, நான்கு பேரைச் சேர்த்துவிடு, உனக்கும் பங்கு வரும்" என்று சொல்லிக் குழுவுக்குள்ளேயே பொடி நுழைகிறது. ஆள் சேர்ப்பதால் மட்டும் பணம் வரும் இத்தகைய சங்கிலி ஏற்பாட்டை 2021-ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. மாதம் 2,500 ரூபாய் டப்பா ஒன்று என்று வைத்துக் கொண்டால், மூன்று மாதத்துக்கு 7,500 ரூபாய். குழுவில் இருபது பேர் வாங்கினால் 1,50,000 ரூபாய். கறவை மாடு வாங்கப் பயன்படக்கூடிய பணம் அது.

தேநீர்ச் சர்க்கரையும் ஒரு கிலோவும்

இனி, ஆக்க வழியைக் கூறுவோம்.

உடற்கொழுப்பில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து குவளை தேநீர் குடிக்கிறார். குவளைக்கு இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை. அது மட்டுமே 200 கலோரி. சர்க்கரையை விட்டால் 12 வாரத்தில் 16,800 கலோரி மிச்சம். கணக்குப்படி இரண்டு கிலோ. உடல் கணக்குப் புத்தகத்தைப் போல அப்படியே நடவாது, சற்றுக் குறையலாம். ஆனாலும் குடம்புளி தந்த 0.88 கிலோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சர்க்கரையை விடுவதற்கு உள்கடன் வேண்டுவதில்லை. சர்க்கரைச் செலவும் மிச்சம்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு மாதத்தில் மூன்றரை கிலோ குறைத்தால், அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தால், இரத்தக் கொதிப்பிலும் சர்க்கரையிலும் நன்மை தெரியத் தொடங்கும். இது அடையக்கூடிய எல்லை. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே சிறப்பு. ஒரு கிலோவுக்கு மேல் குறைவதை நாடுதல் நல்லதன்று.

எடையே குறையாவிட்டாலும் மனந்தளர வேண்டாம். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு ஒழுங்கும் கடைப்பிடித்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆயினும் நோய் குறைந்தது. தராசு காட்டாத நன்மையும் உண்டு என்பதை இதனால் அறியலாம்.

மிகுந்த பருமனும் நோயும் உடையோருக்கு மருத்துவத்தில் வேறு வழிகளும் இன்று உள்ளன. 2025 முதல் சில புதிய ஊசி மருந்துகளும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளன. அவை மருத்துவர் தேர்ந்து, கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை. கேள்விப்பட்டு வாங்கிப் போட்டுக் கொள்பவை அல்ல. திடீரென்று எடை கூடினாலும் காரணமின்றிக் குறைந்தாலும் தைராய்டோ நீரிழிவோ காரணமாக இருக்கக்கூடும். பொடி தேடுமுன் சோதனை தேவை. வீடு தேடி வந்து சர்க்கரையும் கொதிப்பும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். அந்தச் சகோதரி கதவைத் தட்டும்போது, "எனக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதுக

சித்த மருத்துவத்தையோ மூலிகையையோ நாம் குறைத்துக் கூறவில்லை என்பதைத் திரும்பவும் தெளிவாக்குகிறோம். நாடி பார்த்து, நோய் கேட்டு, அளவறிந்து கொடுக்கும் அரசு சித்த மருத்துவர் வேறு; ஆளைப் பாராமலே ஊர் முழுதுக்கும் ஒரே பொடியை விற்பவர் வேறு. மூலிகை மருந்தை விரும்புவோர் முன்னவரிடம் செல்லட்டும்.

இன்றைய கூட்டத்தின் தீர்மானமாக மூன்றினை எழுதிக் கொள்ளும்படி வேண்டுகிறோம். முதலாவது: உடல் இளைக்கும் பொருள் எதற்கும் உள்கடன் வழங்குவதில்லை, குழுக் கூட்டத்தில் அதை விற்கவும் விடுவதில்லை. இரண்டாவது: சொந்தப் பணத்தில் வாங்க விரும்புவோர், டப்பாவில் சித்த, ஆயுர்வேத மருந்தாயின் உற்பத்தி உரிம எண்ணும், உணவுப் பொருளாயின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், சேர்மானமும், காலாவதித் தேதியும் உள்ளனவா எனப் பார்த்து, மருத்துவரிடமும் காட்டிவிட்டே வாங்குவது. ஐயம் எழுந்தால் 104 என்னும் மருத்துவ உதவி எண்ணிலும், ஏமாற்றப்பட்டால் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம். மூன்றாவது: உறுப்பினர் அனைவரும் மாதம் ஒருமுறை எடையும் இடுப்புச் சுற்றளவும் பார்த்துக் குறித்து வைப்பது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்னும் எல்லையை இடுப்பு தாண்டினால் சர்க்கரையும் கொதிப்பும் சோதிப்பது.

கேள்வி கேட்ட சகோதரிக்கு நமது விடை இதுதான்: அந்தப் பொடியிடம் பத்துக் கிலோவை எதிர்பார்க்காதீர்கள், ஒரு கிலோவைக்கூட உறுதியாக எதிர்பார்க்க இயலாது. கொள்ளு உங்கள் காட்டிலேயே விளைகிறது. கேழ்வரகு உங்கள் குதிரிலேயே இருக்கிறது. நடப்பதற்குக் கால்களும் பாதையும் உள்ளன. குழுப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து மாலையில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால், அது எந்த டப்பாவிலும் அடைத்துத் தர இயலாத மருந்தாகும். உள்கடனைக் கறவை மாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் எடுங்கள்.